பழவேற்காட்டு நாணயமும் நம் நாணயமும்

தமிழில் 'நாணயம்' என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். எடையிலும் மாற்றிலும் குறைந்த காசு சந்தையில் செல்லாது. வாய்மையில் குறைந்த மனிதனும் அவ்வாறே. ஆகவே பழைய காசு ஒன்றை விற்று ஆதாயம் பெறும்போது அவ்வாதாயத்துக்கு வரி உண்டா என்னும் கேள்வி, பொருளைப் பற்றியது மட்டுமன்று; நாணயத்தையும் பற்றியதேயாகும். பெட்டகத்திலே பாட்டனார் வைத்துச் சென்ற காசு நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அதனை விற்க நேரும் நாளில் சட்டம் என்ன கேட்கின்றது, மார்க்கம் என்ன கேட்கின்றது, வரலாறு என்ன கேட்கின்றது என்பதை ஒருசேர ஆராய்தல் பயனுடையது. மூன்றும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான் என்பது நம் கருத்து. அதனைப் பழவேற்காட்டிலிருந்து தொடங்கிக் காண்போம்.

ஏரிக்கரை அக்கசாலை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஊருக்கு எதிரே நீர் சூழ்ந்த நிலத்தில் பசியாவரம் முதலிய மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. இறாலும் நண்டும் மடவையும் தேடி ஓடம் செலுத்துவோர் வாழும் இவ்வூர்களுக்கும் உலக வாணிகத்துக்கும் என்ன தொடர்பு என இன்று காண்போர் வியக்கலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன்போ, இவ்வேரியின் முகத்துவாரத்தைக் கடந்து சென்ற துணிகள் ஜாவா வரையிலும், சாயத் துணிக்கு விலையாக வந்த பொன்னும் செம்பும் ஜப்பானிலிருந்தும் வந்து போயின.

விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியிடம் இசைவு பெற்று 1610 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்குப் பண்டசாலை அமைத்தனர். 1612 இல் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கினர். 1613 இல் கெல்ட்ரியாக் கோட்டை எழுந்தது. 1615 ஆம் ஆண்டில் அக்கோட்டையினுள் ஓர் அக்கசாலை நிறுவப்பட்டது. இந்திய மண்ணில் டச்சுக் கம்பெனியின் முதல் அக்கசாலை அதுவே. அங்கு அடிக்கப்பெற்ற செப்புக்காசின் ஒரு புறம் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரை. மறுபுறம் வடமொழி வாசகம். வி.ஓ.சி. என்னும் அம்மூன்றெழுத்தைக் காணும் தமிழர்க்குக் கப்பலோட்டிய சிதம்பரனாரே நினைவுக்கு வருவார். ஆனால் இது, அவருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பே கப்பலோட்டி வந்த அந்நியரின் முத்திரையாகும். 1674 இல் நாகப்பட்டினத்தில் புதிய அக்கசாலை ஏற்படும் வரை பழவேற்காட்டில் காசு அடிக்கப்பெற்றது. அக்காசு இலங்கையிலும் வழங்கியது.

அக்காலத்துக் காசு, பண்டமாற்றுக்குக் கருவியாக மட்டும் இருக்கவில்லை. தானே ஒரு வரியாகவும் இருந்தது. உலோகத்தின் விலை, அடிப்போர் கூலி ஆகிய இரண்டுக்கும் மேலாக ஒரு சிறு மிகுதியை வைத்தே காசின் மதிப்பு குறிக்கப்பெறும். அம்மிகுதி அக்கசாலையை உடையவர்க்குச் சேரும். காசைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ அவ்வரியைச் செலுத்தினர். ஆகவே பழங்காசுக்கும் வரிக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று.

1690 இல் டச்சுத் தலைமை நாகப்பட்டினம் சென்றது. 1781 இல் நாகை ஆங்கிலேயர் வசமாகவே பழவேற்காடு மீண்டது. 1795 இல் அதுவும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. இடையில் ஒருமுறை திரும்பக் கொடுக்கப்பெற்று, 1825 இல் முற்றிலும் கைமாறியது. கோட்டை இன்று மேடும் புதருமாக உள்ளது. கற்செதுக்கு நிறைந்த டச்சுக் கல்லறைகளும் நம் மக்களின் பழைய பள்ளிவாசல்களும் அவ்வூரின் கடந்தகாலத்துக்குச் சாட்சிகளாய் நிற்கின்றன. கல் பேசும் சாட்சியம் அவ்வாறிருக்க, கையடக்கமான காசு பேசும் சாட்சியம் எத்தகையது?

காசு கூறும் சாட்சியம்

மதுரை சுல்தான்களை எடுத்துக்கொள்வோம். 1335 ஆம் ஆண்டளவில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா டில்லியின் ஆணையை உதறித் தனியரசு நிறுவினார். அவருடைய மகளை மணந்தவரான இப்னு பதூதா அங்கு வந்து தாம் கண்டவற்றை எழுதினார். அவர் மதுரையை விட்டு அகன்ற பின்னர் ஆண்டவர்கள் யாவர்? ஆதில் ஷா, ஃபக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் ஸிக்கந்தர் ஷா என்னும் பெயர்களையும் அவர்தம் ஹிஜ்ரி ஆண்டுகளையும் நமக்குத் தந்தவை பெரும்பாலும் அவர்கள் வெளியிட்ட சிறு காசுகளே. அரபு எழுத்துப் பொறித்த அக்காசுகளை ஒருவர் உருக்குச் சட்டியில் இட்டிருப்பாரேல், தமிழக முஸ்லிம் வரலாற்றின் சில பக்கங்கள் வெற்றுத் தாளாகவே இருந்திருக்கும்.

இதனினும் நம் அன்றாட வாழ்வுக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. தங்கத்தின் ஜகாத்துக்கு நிஸாப் இருபது மிஸ்கால் என்பதை மதரஸாவின் இளம் மாணவரும் அறிவர். அது எத்தனை கிராம்? உமையா கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77 ஆம் ஆண்டில் உருவம் நீக்கி, எழுத்து மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டார். அத்தகைய பழந்தீனார்கள் அரும்பொருட்சாலைகளில் காக்கப்பெற்றிருந்தமையால், எகிப்து நாட்டு அறிஞர் அலீ முபாரக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றின் எடைகளை ஆராய்ந்தார். ஒரு தீனார் 4.25 கிராம் என்னும் முடிவு அவ்வழியே வந்தது. அதனைக் கொண்டே யூஸுஃப் அல்-கர்ழாவீ முதலிய பிற்கால அறிஞர்கள் நிஸாபை 85 கிராம் என வரையறுத்தனர். நம் நாட்டில் தோலாக் கணக்கின் வழியே 87.48 கிராம் என்னும் அளவும் வழங்குகின்றது. எவரோ சிலர் காசை உருக்காமல் வைத்திருந்தனர். அதனால் நம் கடமையின் அளவை நாம் அறிந்தோம்.

தோல்பூர் மன்னர் வழக்கு

இனி விற்பனைக்கும் வரிக்கும் வருவோம். ஒருவர் தாம் உடுத்தும் ஆடை, பயன்படுத்தும் நாற்காலி போன்ற சொந்த உபயோகப் பொருள்களை விற்றால் அதில் வரும் ஆதாயத்துக்கு வரியில்லை என்பது நம் நாட்டு வருமான வரிச் சட்டத்தின் பழைய விதி. பழங்காசும் அவ்வகையில் அடங்குமா?

இவ்வினா தோல்பூர் அரச மரபைச் சேர்ந்த மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜியின் வழக்கில் எழுந்தது. அவர் தம்மிடமிருந்த பொற்காசுகளையும் வெள்ளிக் காசுகளையும் வெள்ளிக் கட்டிகளையும் விற்றார். அவை இலட்சுமி பூசையில் வைக்கப்பெறுபவை. ஆதலால் சொந்த உபயோகப் பொருள்களே என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் 1976 ஆம் ஆண்டில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சொந்த உபயோகப் பொருள் எனப்படுவதற்கு உடையவரின் உடலோடும் அன்றாட வாழ்வோடும் நெருங்கிய தொடர்பு வேண்டும். ஆண்டில் ஒருநாள் எடுத்து வைப்பதால் மட்டும் அத்தொடர்பு வந்துவிடாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே அவை மூலதனச் சொத்தாயின. ஆதாயத்துக்கு வரியும் விதிக்கப்பெற்றது.

இத்தீர்ப்பில் ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. நீதிமன்றம் 'இது பொன்னா, வெள்ளியா' என்பதோடு நிற்கவில்லை. 'இது உனக்கு என்னவாக இருந்தது?' என்று கேட்டது. மன்னரைக் கேட்ட அக்கேள்வி, பெட்டகத்தில் நான்கு காசு வைத்திருக்கும் மரைக்காயர் வீட்டுக்கும் பொருந்தும்.

இன்றைய நிலை

நகைகள் 1973 ஏப்ரல் முதற்கொண்டே சொந்த உபயோகப் பொருள் என்னும் விலக்கிலிருந்து நீக்கப்பெற்றன. ஆகையால் நம் பெண்மக்கள் அணியும் காசுமாலை, நாள்தோறும் கழுத்தில் கிடந்தாலும், விற்கும்போது வரிக்கு உரியதே. தொல்பொருள் தொகுப்புகளும் ஓவியங்களும் சிற்பங்களும் கலைப்பொருள்களும் 2007 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் அவ்வாறே சேர்க்கப்பெற்றன. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025 இல் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை எனக் குறிக்கப்பெற்ற புதிய வருமான வரிச் சட்டமும் இவ்வடிப்படையை மாற்றவில்லை.

கணக்கிடும் முறை கடினமன்று. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த காசை விற்றால் அது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்குரிய வரி நூற்றுக்குப் பன்னிரண்டரை. விலைவாசி ஏற்றத்தைக் கழிக்கும் பழைய சலுகை அன்றோடு நீங்கிற்று. அதற்குக் குறைந்த காலமாயின், ஏனைய வருமானத்தோடு சேர்த்து வழக்கமான விகிதத்தில் வரி. வாரிசாக வந்த பொருளுக்கு முன்னோர் வாங்கிய விலையே வாங்கிய விலை. அவர் வைத்திருந்த காலமும் நம் காலத்தோடு சேரும். 2001 ஏப்ரல் 1 க்கு முன் வாங்கிய பொருளாயின், அந்நாளின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: பாட்டனார் வாங்கிய பொற்காசு ஒன்றின் 2001 ஏப்ரல் மதிப்பு ரூபாய் 5,000 எனக் கொள்வோம். இன்று அதனை 85,000 ரூபாய்க்கு விற்றால் ஆதாயம் 80,000. வரி 10,000, அதன்மேல் நூற்றுக்கு நான்கு வீதம் மிகுவரி 400. இந்நாட்டில் வசிப்பவரின் ஏனைய வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தொடாதிருப்பின், எஞ்சிய வரம்பளவுக்கு இவ்வாதாயத்தைக் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகின்றது. எனவே எளிய குடும்பத்தார் பலர் செலுத்த வேண்டுவது சிறிதாகவோ, ஒன்றுமில்லாமலோ அமையலாம். வரி என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி, இரவோடிரவாக இடைத்தரகரிடம் பாதி விலைக்குக் காசைத் தள்ளிவிடுவோர் இழப்பது, அவ்வரியினும் பன்மடங்கு என்பதை உணர வேண்டும்.

நகைக்கடையில் பழைய காசுமாலையைக் கொடுத்துப் புதிய நகை வாங்குவதும் சட்டத்தின் கண்ணில் கைமாற்றமே. பணம் கையில் வராமையால் ஆதாயம் இல்லையென்று ஆகாது. மேலும் 2017 ஏப்ரல் முதல், ஒரே நாளில் ஒருவரிடமிருந்து இரண்டு இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுதல் கூடாது. தொழிலாகவே காசு வாங்கி விற்பவருக்கு இவ்விதிகள் வேறு. அவர் ஆதாயம் வியாபார வருமானமாகும்.

பிற நாடுகளின் நிலையையும் நோக்குதல் தகும். அமெரிக்காவில் பழங்காசு முதலிய சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால ஆதாயத்துக்குப் பொதுவான பங்குகளினும் மிகுதியாக, நூற்றுக்கு இருபத்தெட்டு வரை வரி விதிப்பர். இங்கிலாந்திலோ 1837 முதல் வெளியான தங்கப் பவுன் அந்நாட்டின் செல்லுபடியாகும் பணம் என்பதால் அதன் ஆதாயத்துக்கு வரியே இல்லை. தோல்பூர் மன்னருக்கு இந்தியாவில் வரி கொணர்ந்த அதே வகைக் காசு, அது அடிக்கப்பெற்ற நாட்டில் வரியற்றது! உலோகம் ஒன்றே, அது எந்நாட்டில் எந்நிலையில் இருக்கின்றது என்பதே வேறு.

ஃபிக்ஹு கேட்கும் கேள்வி

பொருளின் பெயரை விட்டு, அது உடையவருக்கு என்னவாக இருந்தது எனக் கேட்பது நம் இமாம்களுக்குப் புதிதன்று. வியாபாரப் பொருளின் ஜகாத்தைப் பற்றிய பாடத்தை ஓதியவர்கள் இதனை நன்கு அறிவர். ஷாஃபிஈ மத்ஹபின்படி, விலை கொடுத்து வாங்கும்போதே விற்கும் நிய்யத்து இருந்தால்தான் ஒரு பொருள் வியாபாரச் சரக்காகும். வாரிசாக வந்த பொருளை, 'விலை ஏறினால் விற்பேன்' என்று மனத்தில் எண்ணியதனால் மட்டும் அது சரக்காகிவிடாது. வருமான வரி அதிகாரியும் சேகரிப்பாளரையும் வியாபாரியையும் பிரித்தறிய, வாங்கிய போது இருந்த நோக்கத்தையே முதலில் தேடுகின்றார். நூற்றாண்டுகள் பல இடைப்பட்டும், தொடர்பில்லாத இரு சட்டங்கள் ஒரே வாசலில் வந்து நிற்பது சிந்திக்கத் தக்கது.

இதன் வழியே சில தெளிவுகள் பிறக்கின்றன. வாரிசாக வந்த பழவேற்காட்டுச் செப்புக்காசு வெறுமனே பெட்டகத்தில் கிடக்கும் வரை அதற்கு ஜகாத் இல்லை. அதனையே வியாபாரத்துக்காக வாங்கியவர், ஆண்டு நிறைவில் சந்தை மதிப்பைக் கணித்து நூற்றுக்கு இரண்டரை கொடுப்பார். பொற்காசும் வெள்ளிக் காசும் அவ்வாறல்ல. நிய்யத்து எதுவாயினும், நிஸாபு நிறைந்து ஓராண்டு கடந்தால் ஜகாத்துக்கு உரியவை. அங்கு நிஸாபுக்கு எடையே கணக்கு. அருமையும் பழமையும் எடையைக் கூட்டுவதில்லை. விற்று வந்த ரூபாய் ஏனைய ரொக்கத்தோடு சேரும். அரசுக்குச் செலுத்தும் வரி ஜகாத்துக்கு ஈடாகாது. ஆயினும் ஆண்டு நிறையுமுன் செலுத்திய தொகை நம் கையிருப்பில் இராது என்பதும் உண்மை.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. பொன்னுக்குப் பொன் மாற்றும்போது எடைக்கு எடை சமமாகவும், கைக்குக் கை உடனடியாகவும் இருத்தல் வேண்டும் என்பது நபிமொழி வகுத்த வரம்பு. 'என் காசு இருநூறு ஆண்டுப் பழமையது' எனக் கூறி, மிகுதியான எடையுள்ள புதுப்பொன்னைப் பெறுதல் கூடாது. ரூபாய்க்கு விற்று, அந்த ரூபாயால் வாங்கினால் வழி செம்மையாகும். அவ்வாறு செய்வதில் வரிக் கணக்கும் தெளிவாக நிற்கும். நகைக்கடைப் படியேறும் நம் குடும்பத்தார் இதனை மறவாதிருப்பாராக. தனிப்பட்ட ஐயங்களை ஊரிலுள்ள உலமாக்களிடம் கேட்டுத் தெளிக.

மண்ணிலிருந்து கிடைத்தால்

பெட்டகத்துக் காசு ஒருபுறமிருக்க, அடித்தளம் தோண்டுகையிலோ கரையிலோ காசு கிடைத்தால் என் செய்வது? பசியாவரம் போன்ற கரையூர்களுக்கு இவ்வினா வெறுங்கற்பனையன்று. எதிரேயே ஓர் அக்கசாலை அறுபது ஆண்டுகள் நடந்திருக்கின்றது. 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைக் கடந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உரியவர் எவரும் இல்லையெனத் தீர்மானமானால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கும் சேரும். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்போடு அதன் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தரும். மறைத்தவரோ தம் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார்.

நூறாண்டு கடந்த காசு 1972 ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள். அதனைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வரும் நம் இளைஞர்கள், அன்பளிப்பு என்ற பெயரிலும் அத்தகைய காசைப் பெட்டியில் வைத்துச் செல்லுதல் கூடாது.

ஒரு தாள் எழுதி வைத்தல்

இவை யாவற்றையும் தொகுத்து நோக்கினால், வரி அதிகாரி கேட்பது: எப்போது, எவ்வழி, என்ன விலைக்கு வந்தது? ஃபிக்ஹு கேட்பது: எவ்வழி வந்தது, எந்த நிய்யத்தோடு வந்தது? வரலாற்று ஆசிரியர் கேட்பது: எவ்வூரில், எவரிடமிருந்து, எந்தக் காசுகளோடு சேர்ந்து கிடைத்தது? மூவருக்கும் ஒரே தாளில் விடை எழுதிவிடலாம்.

கடல் வாணிகம் செய்த நம் முன்னோர் அரபுத் தமிழில் கடிதமும் கணக்கும் எழுதிய மரபினர். அத்தகைய பழைய ஏடுகளில் வராகனும் பணமும் காசும் காணப்பெறின் திகைக்க வேண்டுவதில்லை. சென்னை ஆங்கிலேயர் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818 இல் ரூபாய் முறை நிலைபெற்றபோது நூறு வராகனுக்கு 350 ரூபாய் என வகுத்தனர். இவ்வளவு நுணுக்கமான கணக்கைக் கையாண்டவர் வழிவந்த நாம், பெட்டகத்துக் காசுக்கு ஒரு தாள் எழுதுவதில் சோர்வது அழகன்று.

காசின் எடை, இருபுறத்து எழுத்து, வந்த வழி, அறிந்த ஆண்டு, ஒளிப்படம் இரண்டு. இவற்றை எழுதி, குடும்பப் பெரியவரின் கையொப்பம் பெற்று வையுங்கள். விலையுயர்ந்த காசாயின் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 ஆம் ஆண்டின் மதிப்பையும் எழுதி வாங்குங்கள். பாகப் பிரிவினையின் போது பிணக்கு வாராமல் காப்பதற்கும் அத்தாளே துணையாகும். துலக்குகிறேன் என்று புளியிட்டுத் தேய்த்து எழுத்தை அழித்துவிடாதீர்கள். விற்க நேர்ந்தால் விலைச்சீட்டோடு விற்று, ஆதாயத்தைக் கணக்கிற் காட்டி, உரிய வரியைச் செலுத்துங்கள். அரசின் காசு வாங்கும் ஒவ்வொருவரிடமும் அறியாமலே வரி பெற்ற காலம் போயிற்று. இன்று கேட்பது வெளிப்படையான கணக்கு. வெளிப்படையாகவே கொடுப்போம்.

கெல்ட்ரியாக் கோட்டையின் சுவர்கள் வீழ்ந்தன. அதன் அக்கசாலை ஓய்ந்தது. அங்குப் பிறந்த செப்புக்காசு மட்டும் எவர் வீட்டுப் பெட்டகத்திலோ இன்னும் தன் எழுத்தோடு கிடக்கின்றது. அதனைப் பெற்றவர் கையில் காசும் நாணயமாக இருக்கட்டும். கணக்கும் நாணயமாக இருக்கட்டும். வல்ல நாயன் அதற்கு அருள்புரிவானாக!